கேன்டீன் கமிட்டியில் ஒரு வெளிநடப்பு

யோசனை சொல்ல மட்டும் உரிமை கொடுத்து ஒரு மனிதனை நாற்காலியில் உட்கார வைப்பதைப் போல வம்பு வேறு கிடையாது. வெள்ளைக்கார அரசாங்கம் நம்மூர்ப் பெரிய மனிதர்களை ஆலோசனை சபைகளில் அப்படித்தான் உட்கார வைத்தது. கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். ஏற்பதும் குப்பையில் போடுவதும் கவர்னர் இஷ்டம். குரூப் தேர்வுக்காக இதையெல்லாம் நான் கம்பெனி பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் என்னைக் கேன்டீன் கமிட்டியில் போட்டார்கள். (தேர்தலா? மேனேஜர் விரலை நீட்டினார், அவ்வளவுதான்.)

அதே ஆலையில் என் மனைவியின் தம்பி காண்ட்ராக்ட் தொழிலாளி. பர்மனென்ட் ஆட்கள் எழுந்த பிறகுதான் அவர்களுக்குச் சாப்பாடு.

"கமிட்டில குந்திகினு இன்னா மாமா பண்ற? நாங்க வர்றதுக்குள்ள கொழம்பு காலி. வெறும் ரசத்த ஊத்தி அனுப்புறான்" என்றான். பகல் முழுக்க உலைப் பக்கத்தில் நிற்கிறவன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்தேன். "காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் எங்களோடயே சாப்பாடு போடணும் சார்."

மேனேஜர் சிரித்தார். "நல்ல யோசனை. கவனத்துல வெச்சுக்கிறோம்."

"வெள்ளைக்காரனும் இதையேதான் சார் சொன்னான்."

"எந்த வெள்ளைக்காரன்? போன மாசம் ஆடிட்டுக்கு வந்தாரே, அவரா?"

எனக்கு வந்ததே கோபம். அவரைக் கவர்னர் என்றேன். எங்கள் கமிட்டியைத் தலையாட்டி பொம்மைகள் என்றேன். (சக பொம்மைகளுக்கு இது பிடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.) "கண்டித்து வெளிநடப்பு செய்கிறோம்" என்று முழங்கினேன்.

"நீ முன்னாடி போ, பின்னாலயே வரோம்" என்றார் பக்கத்து நாற்காலி செல்வம் அண்ணன். ஒருவரும் வரவில்லை. கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்களுக்கு மட்டன் பிரியாணி உண்டு என்பதை அந்த வீரத்தில் நான் மறந்தே போயிருந்தேன்.

அந்தக் காலத்துச் சபைகளில் வெளிநடப்பு செய்தவர்கள் எதுவரை நடந்தார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. நான் மெயின் கேட் வரை நடந்துவிட்டேன்.

"இன்னா சார், அவுட் பாஸ் கீதா?" என்றார் செக்யூரிட்டி அக்கா.

"வெளிநடப்பு."

"அத்த இன்னான்னு எழுதறது? பர்மிஷனா, லீவா?"

"கண்டனம்" என்றேன். அவர் லீவு என்று எழுதிக்கொண்டார்.

ஷிப்ட் நடுவில் வெளியே போனவனைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். போனும் பர்ஸும் லாக்கரில். வேகாத வெயிலில், மஞ்சள் ஹெல்மெட்டோடு, ஹைவே ஓரமாக, வீடு இருக்கும் புதுவாயல் வரை நடந்தேன். ஒரு லாரிக்காரர் என்னை ரோடு போடுகிற ஆள் என்று நினைத்து, "எப்பப்பா முடிப்பீங்க?" என்று திட்டிவிட்டுப் போனார்.

சாயந்திரம் மச்சான் வீட்டுக்கு வந்தான். "மாமா, இன்னிக்கு வயிறு ரொம்பிடுச்சி."

எனக்கு நெஞ்சு விம்மியது. "எல்லாருக்கும் ஒண்ணா போட்டுட்டாங்களாடா?"

"அட நீ வேற. உன் பிரியாணி மீந்துச்சாம். செல்வம் அண்ணன் எட்தாந்து குட்தாரு."

என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

கமிட்டியிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் இன்றும் கடைசியில்தான் சாப்பிடுகிறார்கள். குடும்பத்தில் எந்த விசேஷமானாலும், பந்தியில் என் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டு, "எப்போ மாமா வெளிநடப்பு?" என்று கேட்கிறான் மச்சான். எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மறுபடி அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தால், மறுபடியும் எழுந்திருப்பேன். இந்தத் தடவை எல்லார் பிரியாணியையும் தூக்கிக்கொண்டு, கேட்டுக்கு அல்ல, நேராகக் கேன்டீனுக்கு நடப்பேன்.