அப்பாவின் காதும் அமிகாசினும்

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்றால், பி.பார்ம் பாதியில் இருந்த நான் கால் வைத்தியச்சி. என் பங்குக்கு ஐந்நூறு பேர். அப்பாவிலிருந்தே தொடங்கப் பார்த்தேன்.

சிறுநீரகத்தில் கிருமி புகுந்து, குளிர்காய்ச்சலோடு அவரை அருப்புக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். தினமும் அமிகாசின் ஊசி. பெயரைக் கேட்டதுமே எனக்குப் புல்லரித்தது. (அப்பா நடுங்குகிறார், மகள் புல்லரிக்கிறாள்!) சர்க்கரை வளையங்களில் அமினோ தொகுதிகள் கோத்த மூலக்கூறு. தண்ணீரில் கரையும், கொழுப்பில் ஒட்டாது. விழுங்கினால் குடல் உள்ளே விடாது, அதனால்தான் ஊசி. உருமாறாமல் சிறுநீரகம் வழியே வெளியேறும், போகிற போக்கில் கிருமியையும் முடிக்கும். அம்மாவுக்கு இதையெல்லாம் உற்சாகமாக விளக்கிக்கொண்டு வந்தவள், கையிலிருந்த பாடப்புத்தகத்தின் அடுத்த வரியில் நின்றேன்: உட்செவியில் தேங்கிக் காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம்.

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் மெல்ல, "அப்பா" என்றேன். அசையவில்லை. "காப்பி வேணுமாப்பா?" ம்ஹூம். (காப்பிக்கு அசையாத அப்பாவை நான் பார்த்ததே இல்லை.)

அந்த நேரம் பார்த்து சிஸ்டர் ஊசியோடு வந்தார். குறுக்கே பாய்ந்தேன்.

"போடாதீங்க! அப்பாவுக்குக் காது போயிருச்சு!"

அப்பா திரும்பி, "எதுக்குத்தா கத்துற?" என்றார். (கத்தினால் கேட்கிறதே என்று அப்போது யாருக்குத் தோன்றியது?)

"தள்ளும்மா, நேரமாகுது" என்றார் சிஸ்டர்.

"மாட்டேன். டாக்டரக் கூப்பிடுங்க."

டாக்டர் வருவதற்குள் அப்பாவுக்கு மறுபடி குளிர் ஏறி, கட்டில் கடகடவென ஆடியது. ஊசி போட்டால் காது, போடாவிட்டால் உயிர்.

"நேத்து நல்லாக் கேட்டுச்சா?" என்றார் டாக்டர்.

"நேத்தா?" என்றாள் அம்மா. "கல்யாணம் ஆனதுலேருந்தே இப்படித்தான் சார். விசைத்தறில நிக்கிற மனுசன். அவுக நம்ம உதட்டப் பாத்துத்தான் பேசுவாக. ஏன்டி, நம்ம வீட்டுல என்னைக்கு யாரு மெதுவாப் பேசிருக்கா?"

யோசித்தேன். யாருமில்லை. தறிச் சத்தத்தில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வோம். மெதுவாகப் பேசவே நான் மதுரைக் கல்லூரி விடுதியில்தான் கற்றிருந்தேன்.

"ஏற்கெனவே மந்தமான காதா? முதல்லயே சொல்ல வேண்டாமா?" என்று கடிந்துகொண்டு, டாக்டர் உடனே வேறு மருந்துக்கு மாற்றினார். காய்ச்சல் இறங்கும்வரை நான் யாருக்கும் எந்த மூலக்கூறையும் விளக்கவில்லை.

அப்பா தேறித் தறிக்குத் திரும்பிவிட்டார். இப்போதும் வீட்டில் நான் போனில் குரலைத் தாழ்த்தினால் போதும், உதட்டைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கக் கத்துவார்:

"தறிய நிப்பாட்டுங்கப்பா! எம்மக காது டெஸ்ட்டு எடுக்கா!"