அலமாரிப் பாக்கெட்டை மங்கலாக்குங்கள், மச்சான்

சிலிபின், ஈப்போ.

அன்புள்ள மச்சான் ஷாஃபிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உங்கள் அக்கா ஃபரீதாவும் பிள்ளைகளும் நலம். நானும் வெள்ளிக்கிழமை மாலை வரை நலம். அதற்குப் பிறகு உங்கள் கையில்தான் இருக்கிறது. அன்று டிவியில் நம் நாசி கண்டார் சோற்றுக் கடை வரும் நிகழ்ச்சியை எடிட் செய்பவர் நீங்கள்தானே. வாட்ஸ்ஆப்பில் எழுதினால் ஃபரீதா பார்த்துவிடுவாள். அதனால் பேப்பரில் எழுதிப் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. போன வாரம் உங்கள் டிவிக்காரர்கள் புதிதாக வந்த எயிட் கே கேமராவைக் கொண்டுவந்தார்கள். ஃபரீதா அதன்முன் நின்று, "எங்க உம்மா சொல்லிக் குடுத்த அளவு இது, வெளி மசாலா ஒரு கரண்டிகூட சேக்க மாட்டோம்" என்று கண்கலங்கச் சொன்னாள். கேமராக்காரர் சுரேன் அதைத் திரையில் போட்டு, "எவ்ளோ பெருசாக்கினாலும் கலங்காதுலா அண்ணே" என்று பெரிதாக்கிக்கொண்டே போனார், அவள் மூக்குத்தி தாண்டி, தோள் தாண்டி, பின்னால் அலமாரியில் மாவு டின்னுக்குப் பின்னே நான் ஒளித்துவைத்த மசாலா பாக்கெட்டின் விளிம்பு வந்து நின்றது, காலாவதித் தேதியோடு. தேதி தாண்டவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். கடையில் கூட்டம் கூடியதிலிருந்து அவள் அரைப்பது போதவில்லை, கை வலி என்பவளிடம் இன்னும் அரை என்று எப்படிச் சொல்வது, ஆறு வருடமாக அவளுக்குத் தெரியாமல் பாதிக்குப் பாதி கலக்கிறேன். படம் பதிவாகும் கேமரா கார்டுகளைப் பார்த்துக்கொள்ளும் துளசியிடம் ஓடி, அதை மட்டும் அழித்துவிடும்மா, மீன்தலைக் கறி கட்டித் தருகிறேன் என்றேன். "கார்ட அழிச்சாச்சு அண்ணே" என்றது அந்தப் பெண். அல்ஹம்துலில்லாஹ் என்று உட்கார்ந்தேன். "ரெண்டு டிஸ்க்ல காப்பி எடுத்து, சரிபாத்துட்டுதான் அழிப்போம். ஒன்னு கோலாலம்பூர் போயிருச்சு" என்றது. அந்த டிஸ்க்தான் இப்போது உங்களிடம் இருக்கிறது.

ஃபரீதா கத்தினால் தாங்குவேன். பேச்சை நிறுத்திவிடுவாளே, மச்சான். என்னைப் பிறகு திட்டுங்கள், முதலில் அந்த மூலையை மங்கலாக்குங்கள்.

வீட்டில் எல்லாருக்கும் என் சலாம். குட்டி அஸ்ஃபியாவுக்கு என் துஆ.

இப்படிக்கு,
நடுங்கும் மச்சான்,
ஜைனுலாப்தீன்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஃபரீதா வந்துவிட்டாள். "தம்பிக்கா எழுதுறீங்க? படத்துல ஃபிரிட்ஜுக்கு மேல இருக்கிறத மறைக்கச் சொல்லுங்க" என்று அழுதாள். அங்கே இருப்பது வேறு கம்பெனி பாக்கெட். எட்டு வருடமாக மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டு அதைத்தான் டப்பாவில் கொட்டியிருக்கிறாள். உம்மா சொன்ன அளவு மறந்துவிட்டதாம்; என்னிடம் சொல்லப் பயமாம். நான் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன். என் பாக்கெட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஆகவே இரண்டு இடங்களை மங்கலாக்கவும். அக்கா கேட்டால் ஒன்று என்று சொல்லவும்.