பாய்லருக்கு இரவல் கொடுத்த மூக்கு

அயனம்பாக்கம் ஏரிப்பக்கம் எத்தனையோ அடுக்குமாடிகள், எத்தனையோ மனிதர்கள். ஆனால் அடுத்தவன் மூக்கைத் தன் சொந்த மூக்காக நினைத்து உரிமையோடு உபயோகித்தவர், உலகத்திலேயே எங்கள் மாடி வீட்டு பாய்லர் ஒருவர்தான். அந்த அடுத்தவன் நான்.

பாய்லர் என்பது அவருடைய ஞானஸ்நானப் பெயர் அல்ல. மண்ணூர்பேட்டையில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், ஷெட்டுக்கு வெளியே நின்று அவர் விட்ட புகையைப் பார்த்துக் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர். ரிட்டையர் ஆனதும் கம்பெனி அவரை விட்டது, பெயர் விடவில்லை. சிகரெட்டும் விடவில்லை. மனைவி ஸ்டெல்லா அக்கா செய்யாத ஜெபமில்லை, ஏற்றாத மெழுகுவர்த்தியில்லை.

கடைசியில் கனடாவில் இருக்கும் மகள்தான் அதைச் சாதித்தாள். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். "அப்பா சிகரெட்ட விட்டாதான் ரெண்டு டிக்கெட். இல்லன்னா அம்மாவுக்கு மட்டும்தான். அந்த நாத்தத்தோட எம் புள்ளைய தூக்கக்கூடாது. அம்மா, நீதான் சாட்சி" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். மனிதர் அன்றைக்கே விட்டுவிட்டார். சத்தியமாக விட்டார். வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டு, வாட்ச்மேனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்துகொண்டு நடமாடியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. கனடா குளிருக்கென்று சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரம் பழைய துணி விற்பவரிடம் ஒரு லெதர் ஜெர்கினை வாங்கி வந்தார். அதன் முதல் சொந்தக்காரன் யாரோ தெரியாது. பாய்லருக்கே அண்ணன் என்பது மட்டும் நிச்சயம். அப்படி ஒரு பழைய சிகரெட் நாற்றம் அதில் ஊறியிருந்தது. வாங்கியவருக்கு அது தெரியவில்லை. ஊதி ஊதி அவர் மூக்கு என்றைக்கோ செத்துப்போயிருந்தது. பக்கத்தில் பால் தீய்ந்தாலும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். குளிருக்குப் பழக வேண்டுமென்று ஏ.சி.யைப் போட்டு, ஜெர்கினை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஸ்டெல்லா அக்கா சர்ச்சில் பூசை முடிந்து வந்தார்.

"மறுபடி ஊத ஆரம்பிச்சிட்டியா?"

"நான் இல்ல ஸ்டெல்லா. இந்த ஜெர்கின்தான்."

"ஆமா, ஜெர்கின் தானா கடைக்குப் போயி தம் வாங்கி இஸ்துகினு வந்துச்சு!"

"பைபிள் மேல கைய வெச்சு சொல்றேன்..."

"வெக்காத. அதுவும் நாறும்."

அக்கா பேச்சில் நியாயம் இருந்தது. ஜெர்கின் நாறுகிற வரைக்கும் அந்த வீட்டில் யார் ஊதினார்கள் என்று ஆண்டவராலும் சொல்ல முடியாது. நாற்றம் போனால்தான் சாட்சி, சாட்சி சொன்னால்தான் டிக்கெட். போனதா என்று பார்க்க அவர் மூக்கு உதவாது, அக்காவின் மூக்கோ எதிர்க்கட்சி. கீழ் வீட்டில் கேட்பாரற்று ஒரு மூக்கு கிடந்தது. விருதுநகரிலிருந்து பிழைக்க வந்து, ஐ.டி. கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்க்கிறவனின் மூக்கு. வந்து படுத்துக் கண் செருகும்போது மணி அடிக்கும். வாசலில் ஜெர்கினை நீட்டியபடி பாய்லர் நிற்பார்.

"நைனா, கொஞ்சம் மோந்து பாரு."

"இப்பதாண்ணே படுத்தேன்."

"படுத்துக்கோ. மோந்துட்டு படுத்துக்கோ."

முதலில் மொட்டைமாடி வெயிலில் காய வைத்தார். தோல் அப்பளமாக விறைத்தது, நாற்றம் சூடாக வந்தது. பிறகு யாரோ வாட்ஸ்அப்பில் சொன்னார்களென்று வீட்டிலிருந்த காபித்தூளை எல்லாம் ஜெர்கின் பைகளில் கொட்டி மூட்டை கட்டி வைத்தார். அக்காவுக்கு அன்றைக்குக் காபி இல்லை. மறுநாள் முகர்ந்தேன். சிகரெட், கூடவே காபி.

"டீக்கடை பெஞ்சில உக்காந்த மாதிரி இருக்குண்ணே."

அவர் முகம் மலர்ந்தது. "அப்டியா? அந்த வாசன நல்லாதான் நைனா இருக்கும்!" ஏக்கத்தோடு ஒரு பெருமூச்சு வேறு விட்டார்.

அடுத்தது வினிகர். அதன் பிறகுதான் அந்த யோசனை உதித்தது. முள்ளை முள்ளால் எடுப்பது போலப் புகையைப் புகையால் எடுப்பதாம். பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டி சாம்பிராணி காட்டுவார்களே, அதே முறைப்படி, கூடையைக் கவிழ்த்து, மேலே ஜெர்கினை விரித்து, உள்ளே தணலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டுவிட்டார். படிக்கட்டெல்லாம் புகை. மூன்றாவது மாடிக்காரர் "தீ! தீ!" என்று அலற, நான் லுங்கியோடு லேப்டாப்பை மார்பில் அணைத்துக்கொண்டு கீழே ஓடினேன். வாட்ச்மேன் இரண்டு பக்கெட் தண்ணீரோடு எதிரே வந்தான். ஒன்று என் மேல்தான் விழுந்தது.

அந்த நிலைமையிலும் பாய்லர் ஜெர்கினை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இன்னா நைனா, எப்டி கீது?"

"கோயிலுக்குள்ள யாரோ தம் அடிச்ச மாதிரி இருக்குண்ணே."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவ்ளோதான். அவ மட்டும் போவட்டும். நான் போட்டோல பாத்துக்கிறேன் புள்ளைய" என்றார். எனக்கு ஈரமும் கோபமுமாக இருந்தது. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டு மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு வாரம் மணி அடிக்கவில்லை. நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்துக்குத் தானாக விழித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு ஒரு நாள் காலை வந்தார். அதே ஜெர்கின். வாயைத் திறந்தவர், மூக்கை உறிஞ்சினார்.

"நைனா, உன் ஊட்ல பால் தீயுது."

உள்ளே ஓடினேன். பால் தீய்ந்துகொண்டுதான் இருந்தது. அடுப்பை அணைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தால், வாசலில் அவர் ஜெர்கினுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கிறார்.

"அடச்சீ! இதையா இத்தினி நாளா உன்ன மோக்க வெச்சேன்?"

அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். "அக்கா, அண்ணனுக்கு மூக்கு வந்துருச்சு! சிகரெட்ட விடாம இருந்தா எப்படிக்கா வரும்?"

அக்கா லேசில் நம்பவில்லை. அவர் கண்ணைத் துண்டால் கட்டி, கருவாட்டைக் காட்டினார். "கருவாடு." புதினாவைக் காட்டினார். "புதினா." பிறகு ஒன்றுமே எடுக்காமல் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றார்.

பாய்லர் மூச்சை இழுத்துப் பார்த்தார். "தேங்காண்ண. உன் தல" என்றார்.

அக்கா உடனே மகளுக்குப் போன் போட்டார். "ரெண்டு டிக்கெட்டு போடும்மா" என்று சொல்லிக்கொண்டே பாய்லரின் கண்கட்டை அவிழ்த்துவிட்டார்.

புது மூக்கு வந்ததும் மீதி வேலையை அவரே முடித்தார். அங்குலம் அங்குலமாக முகர்ந்து, நாற்றம் தோலில் அதிகமில்லை, உள்ளே தைத்த துணியில்தான் ஊறியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். பூந்தமல்லியில் ஒரு டெய்லரிடம் கொடுத்து, அந்தத் துணியைப் பிரித்து எறிந்து வேறு துணி தைத்து வாங்கினார். தோலை வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட மாட்டினார். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அவர்கள் போய்ச் சில மாதம் ஆகிறது. போன வாரம் ஷிப்ட் முடிந்து வந்து படுத்த நேரம் போன் அடித்தது. வீடியோவில் பாய்லர். ஜெர்கின் தோளில் ஒரு பஞ்சு உருண்டை தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையின் உச்சந்தலையை மெதுவாகப் போன் பக்கம் கொண்டுவந்தார்.

"நைனா, மோந்து பாரு. பால் வாசன."

தூக்கக் கலக்கத்தில் போனை மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன்.

"வருதுண்ணே" என்றேன்.