கோட்டத் தரமாட்டேன்!

பூட்டு அண்ணனைப் போல் ஒரு சந்தேகப் பிராணி கள்ளக்குறிச்சியில் இதற்கு முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நானும் அவரும் கடைகளுக்கு வெப்சைட் செய்து விற்கிறோம். அவருடைய முதல் சைட்டை வாங்கியவரின் மச்சான், அதை ஓடவைக்க உள்ளே எழுதியிருந்த கம்ப்யூட்டர் கோடு மொத்தத்தையும் உருவி, பேரை மாற்றித் தன் சரக்காக விற்றுவிட்டான். அன்றிலிருந்து அண்ணன் தலையோடு கம்ப்யூட்டரையும் சேர்த்துப் போர்வையால் மூடிக்கொண்டு, ஆவி பிடிக்கிற மாதிரி உட்கார்ந்துதான் வேலை செய்வார்.

திருடுகிறவனுக்குப் புரியவே கூடாது என்று கோடுக்குள் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் பேர் வைத்தார். பணம் கட்டுகிற பட்டன் மாமனார். அடிக்கடி மக்கர் பண்ணுகிற பகுதி சின்ன மாமியார்.

போனில் பேசினால் தெருவே கேட்கும். கல்வராயன் மலையில் தேன் விற்கிறவரிடம் ஒருநாள், "சைட்ட எடுத்துக்கோங்க. என் உசுரு இருக்கிற வரிக்கும் கோட்டத் தரமாட்டேன்!" என்று கத்தினார். கீழே ஷேர் ஆட்டோ ஓட்டும் ஏழுமலை காதில் அது விழுந்தது. அண்ணனிடம் நல்ல கல்யாணக் கோட்டு ஒன்று இருப்பதாக முடிவே கட்டிவிட்டான். அவனுக்கு மறுநாள் ரிசப்ஷன். கோட்டு போட்டுக்கொண்டு நிற்பேன் என்று பெண் வீட்டில் சொல்லியும் வைத்திருந்தான்.

நேராக மேலே வந்தான்.

"அண்ணா, ஒரே ஒரு நாளைக்கு உங்க கோட்டக் குடுங்கண்ணா."

"இன்னாத்துக்குடா உனுக்கு?"

"பொண்ணு வூட்ல கேக்கறாங்க. மேடையில எல்லாரும் பாக்கத்தாண்ணா."

"எல்லாரும் பாக்கறதா! ஒருத்தன் பாத்தாலே காப்பி அடிச்சிருவான்!"

"தொவச்சி, இஸ்திரி போட்டுக் குடுத்துடறேண்ணா."

"கிண்டல் பண்றியா? ஒரு புள்ளி போனாலே மொத்தமும் படுத்துரும். போடா!"

ஏழுமலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கிப் போன பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. விளக்கினேன். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "அடக் கடவுளே, துணியா கேட்டான்? நாய வெரட்டற மாதிரி வெரட்டிட்டனே!" என்று போன் மேல் போன் போட்டார். ஏழுமலை எடுக்கவே இல்லை.

மறுநாள் சங்கராபுரம் மண்டபத்தில் அவன் வெறும் சட்டையோடு நின்றான். "கோட்டு வருதுன்னு பொய் சொல்லிக்கினு இருந்தாரா மாப்ள?" என்று பெண்ணின் சித்தப்பா ஊருக்கே கேட்கும்படி கேட்டார். அண்ணன் விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடுங்கினார்.

"பையன் பொய் சொல்லலீங்க. தப்பு எம்மேல. எங்கிட்ட கோட்டு கெடையாது, கோடுதான் இருக்குது!"

அப்புறம் வெப்சைட் என்றால் என்ன, கோடு என்றால் என்ன, அந்த மச்சான் செய்த துரோகம் என்ன என்று மூச்சுவிடாமல் விளக்கினார். பந்தியில் ரசம் ஆறிப்போனது. சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "மாப்ள மேல தப்பே இல்லீங்க, வுட்டுருங்க" என்று கும்பிட்டுவிட்டார்.

அண்ணன் ஏழுமலை கையில் ஒரு பென்டிரைவை வைத்தார். "உன் ஆட்டோவுக்கு ஒரு சைட்டு பண்ணிருக்கேன். கோட்டையும் சேத்து முழுசா குடுத்துட்டேன். யாருகிட்ட வேணா காட்டுப்பா."

ஏழுமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணனைக் கட்டிப்பிடித்தான். ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அவர் இன்றுவரை கோட்டில் ஒரு வரி காட்டியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அந்த மனுஷரைப் பார்த்தபோது, இவர் என் பக்கத்து நாற்காலியை விட்டு எங்கேயும் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.