காலை ஆறு ஐந்துக்கு ஓர் அபாயம்

வாய் நிறையப் பேஸ்ட் நுரையோடு டெஸ்மண்ட் குளியலறையிலிருந்து ஓடி வந்தபோது, கட்டிலின் மேல் கிடந்த கைபேசி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. திரையில் சிவப்பு எழுத்தில் ‘ஆம்ப்ரோஸ் - அபாயம்’ என்று இருந்தது. திங்கட்கிழமை, காலை மணி ஆறு ஐந்து.

“டாடி விழுந்துட்டாரு!” என்றான் நுரை தெறிக்க.

“முதல்ல துப்பிட்டு வாங்க,” என்றாள் மனைவி ஜோசஃபின்.

டெஸ்மண்டின் அப்பா ஆம்ப்ரோஸுக்கு எண்பத்தொரு வயது. முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் கார்டாக இருந்து பச்சைக் கொடி காட்டியவர். மனைவி போன இந்த ஒன்பது வருஷமாக ஒக்கலிபுரத்து இரண்டு அறை வீட்டில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகவே டி.வி.யோடு சண்டையும் போட்டுக்கொண்டிருக்கிறார். மகனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் பதினோராவது மாடியில் ஃபிளாட். அங்கே அவரைக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும் என்று மகன். அந்தப் புறாக்கூண்டுக்கு வரவே மாட்டேன் என்று அப்பா.

போன மாதம் அவர் குளியலறையில் வழுக்கி, வாளியைப் பிடித்துச் சமாளித்த விஷயம் காதுக்கு வந்ததிலிருந்து டெஸ்மண்டுக்குத் தூக்கம் போயிற்று. அம்மா விழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. ஒரு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறாள். அப்பாவுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்று அவன் நிஜமாகவே பயந்துபோயிருந்தான்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கம்பெனியிலிருந்து தர்ஷினி என்ற பெண்ணை வரவழைத்தான். அவள் கழுத்தில் மாட்டும் அலாரம் ஒன்றை மேஜைமேல் வைத்தாள். தீப்பெட்டி அளவுதான். நடுவில் ஒரு பட்டன்.

“விழுந்தா அதுவே அடிக்கும் அங்கிள். இல்லேன்னா நீங்க மூணு தடவை அழுத்துங்க. சட்டைக்கு மேலயே தட்டினாக்கூடப் போதும்.”

“மூணு தடவையா? ரெண்டு தடவை தட்டினா?” என்று கேட்டார் ஆம்ப்ரோஸ்.

“ரெண்டுக்கு அடிக்காது அங்கிள்.”

அப்பா இவ்வளவு அக்கறையாகக் கேட்டது டெஸ்மண்டுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் போனதும் பெரியவர் நிபந்தனை போட்டார்.

“ஒரு வாரம் மாட்டிக்கிறேன். நான் நெஜமா விழுந்து இது அடிச்சுதுன்னா, மறுநாளே பொட்டி கட்டிட்டு உன் வீட்டுக்கு வந்துடறேன். சும்மா அடிச்சுதுன்னா, நீ மெஷின் பேச்சும் எடுக்கக் கூடாது, ஃபிளாட் பேச்சும் எடுக்கக் கூடாது. சரியா?”

“சரி டாடி. சும்மா எல்லாம் அடிக்காது.”

“சும்மா சங்கிலியப் புடிச்சு இழுத்து வண்டிய நிறுத்துனவங்க எத்தனை பேர நான் பாத்திருக்கேன் தெரியுமா?” என்று சொல்லியபடி அவர் அலாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையே அடித்துவிட்டது. மேம்பாலத்தில் காரை விரட்டி, வழியெல்லாம் தெரிந்த ஜெபங்களைச் சொல்லிக்கொண்டு டெஸ்மண்ட் ஒக்கலிபுரம் வந்து சேர்ந்தபோது மணி ஏழு. ஆம்ப்ரோஸ் காபியில் பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க டாடி விழுந்தீங்க?”

“யாரு விழுந்தா? நான் ஆறு மணிப் பூசைக்குப் போயிருந்தேன்.”

“கம்பெனிலேர்ந்து அந்த அலாரத்துலயே கூப்பிட்டுப் பேசினாங்களாம். பதிலே இல்லையாம்.”

“கோயில்ல சத்தம் வரக் கூடாதுன்னு கொறச்சு வெச்சிருந்தேன்.”

“பட்டனை அமுக்கினீங்களா?”

“இந்த வெரலால அதத் தொட்டிருந்தா கேளு,” என்று பெரியவர் ஆள்காட்டி விரலை நீட்டினார். “சும்மா அடிச்சிருக்கு. பந்தயம் முடிஞ்சுது.”

டெஸ்மண்ட் விடவில்லை. விழுந்ததைப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று கம்பெனி கொடுத்த சிறு புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அப்பா தினமும் பூசைக்குப் போகிறார் போலிருக்கிறது, அது மட்டும் அவனுக்குப் புதுச் செய்தி. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தலையைக் காட்டுவதோடு சரி என்று இருக்கிற தன்னை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டு, அதைப் பற்றி மேற்கொண்டு கேட்காமல் விட்டான். அலாரத்தின் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனான்.

செவ்வாய்க்கிழமையும் அதே ஆறு ஐந்துக்கு அடித்தது. அவன் கிளம்புவதற்குள் அப்பாவிடமிருந்தே போன் வந்துவிட்டது.

“ஏன்டா, என் மானத்த வாங்கவா சத்தத்தக் கூட்டி வெச்ச? எல்லாரும் பாவ அறிக்கை சொல்லி முடிச்சு அமைதியா நிக்கிறாங்க. என் நெஞ்சுலேர்ந்து ஒரு பொண்ணு கன்னடத்துல ‘நமஸ்காரா சார், நிமகே சஹாயா பேக்கா’ன்னு கத்துறா!”

“உதவி வேணுமான்னுதானே டாடி கேட்டிருக்காங்க?”

“ஃபாதரே ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டாரு. கேட்ட உடனே பதில் வந்துடுச்சேன்னு பின் வரிசையில சிரிக்கிறாங்க.”

“அந்த நேரத்துல தலை கிலை சுத்திச்சா?”

“ஜெபம் சொல்லிட்டிருந்தேன்டா!”

இரண்டு நாளும் ஒரே நேரம். அதிகாலையில் எழுந்து வெறும் வயிற்றோடு நிற்பதால் அப்பாவுக்கு மயக்கம் வருகிறது, வீம்புக்கு மறைக்கிறார் என்று டெஸ்மண்ட் தீர்மானித்தான்.

“ஒருநாள் கூடப் போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்,” என்றாள் ஜோசஃபின்.

“ஆபீஸ்ல ஆடிட் நடக்குது. அதுக்கு ஒரு வழி இருக்கு,” என்று சொல்லி, அலாரம் அடித்தால் நேராகக் கோயிலுக்கே ஆம்புலன்ஸ் போகும்படி மாற்றி வைத்தான்.

புதன்கிழமை ஆம்புலன்ஸ் போயிற்று. பூசை நடுவே இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்து, “பேஷண்ட் யாரு?” என்றார்கள். ஆம்ப்ரோஸ் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், ஸ்ட்ரெச்சர் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார். வந்த வேலை முடிந்தது என்று அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் அவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உச்சத்தில் இருந்ததாம். அவருடைய மருமகள் டெஸ்மண்டுக்குப் போன் போட்டு நன்றி சொன்னாள். தபால்காரர் சொல்லவில்லை.

வியாழக்கிழமை டெஸ்மண்ட் லீவு போட்டான். நாலு மணிக்கு எழுந்து கிளம்பி வந்தால், அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வாசலிலேயே தயாராக நின்றார். கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கும் முத்தம்மா அவரைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னாள். இருவரும் உள்ளே போய்ப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

எல்லாரும் எழுந்த பிறகே அப்பா எழுந்தார். அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் செய்தார். முழங்கால் வலி போலிருக்கிறது, பாவம், என்று டெஸ்மண்டின் மனசு இளகியது.

பாவ அறிக்கை தொடங்கியது. ‘என் பாவமே’ என்று சொல்லும் இடம் வந்ததும் வழக்கம்போலக் கோயிலே நெஞ்சில் மூன்று முறை தட்டிக்கொண்டது. ஆம்ப்ரோஸும் தட்டிக்கொண்டார். முஷ்டியை மடக்கி, சட்டைக்குள் தொங்கிய பட்டன் மேலேயே தொம், தொம், தொம் என்று மூன்று.

டெஸ்மண்டின் பாக்கெட்டில் கைபேசி துள்ளியது.

ஆம்புலன்ஸ் கிளம்பிவிடப் போகிறதே என்று அவசரமாகத் திரையைத் தட்டி அலாரத்தை ரத்து செய்தான். மணி ஆறு ஐந்து. விஷயம் புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான். அப்பா விழவில்லை, மயங்கவில்லை, நன்றாக இருக்கிறார் என்ற நினைப்பில் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். “டாடி, நீங்க விழவே இல்ல!”

“அதத்தானே நாலு நாளா சொல்லிட்டிருக்கேன்.”

“நீங்க நெஞ்சுல தட்டிக்கிறப்ப அது அடிக்குது டாடி. பூசைக்கு வர்றப்ப மட்டும் கழட்டி வெச்சுட்டா…”

“அப்ப கோயில்ல விழுந்தா?”

டெஸ்மண்ட் கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்தான்.

“சும்மாதானே அடிச்சுது?” என்றார் ஆம்ப்ரோஸ்.

“சும்மாதான்.”

“அப்ப பேச்சு?”

“பேச்சு பேச்சுதான். அலாரமும் வேணாம், ஃபிளாட்டும் வேணாம். போதுமா?”

“இங்க நின்னு சொன்னா போதாது. உள்ள வந்து மாதா முன்னால சொல்லு.”

டெஸ்மண்ட் மறுபடி உள்ளே போய், மாதா சுரூபத்தின் முன்னால் கைகூப்பிச் சத்தியம் செய்தான். ஆம்ப்ரோஸ் அலாரத்தைக் கழற்றி மகனின் சட்டைப் பைக்குள் போட்டார். “இட்லி வாங்கி வெக்கிறேன், வா,” என்று சொல்லிவிட்டு முன்னால் விறுவிறுவென்று நடந்து தெருமுனை திரும்பினார். எண்பத்தொரு வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

டெஸ்மண்டுக்கு மனசு லேசாக இருந்தது. முத்தம்மாவிடம் ஒரு கட்டு மெழுகுவத்தி கேட்டான்.

“பாத்தீங்களாம்மா, இந்த வயசுலயும் எங்க டாடி ஒரு நாள் விடாமப் பூசைக்கு வர்றாரு,” என்றான் பெருமையாக.

முத்தம்மா மெழுகுவத்தியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

“எங்க தம்பி வந்தாரு! உங்கம்மா அடக்கத்துக்கு வந்தவரு, அப்புறம் இந்தத் திங்கக்கிழமைதான் உள்ள காலெடுத்து வெச்சாரு. அதுக்கு மொத நாள் சாயங்காலமே அவசரமா ஓடி வந்து, ‘முத்தம்மா, பூசையில நெஞ்சுல மூணு தரம் தட்டிக்கிறது இன்னும் இருக்குதா, எடுத்துட்டாங்களா?’ன்னு கேட்டுட்டுப் போனாரு!”