ஏழு மாடி டிப்

“உம்மா, நம்ம கயித்துல இருந்த மணி எங்கே?” என்று சமீரா ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது.

“அதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ஒரு மாசம் பேசாம இருக்கணுமாம்,” என்றாள் சஜிதா.

தின்கன்ஜூன் பேட்டையில் அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்கு ஏழு மாடி. லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேலே மணி. கீரைக்காரர் கயிற்றை அசைத்தால் மணி அடிக்கும். மேலே இருப்பவர் பையை இழுத்துக்கொள்வார். ஒரு மாதம் கழித்து மணி தன் இடத்துக்கு வந்துவிட்டது. சமீராவும் கேள்வியை மறந்துவிட்டாள்.

அது போன வருடம். இந்தச் சனிக்கிழமை காலையில் சஜிதாவின் கவலை மணி அல்ல, தயிர்.

தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃபஜ்ர் தொழுகை முடிந்ததுமே பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள். நீர் வடிந்து கெட்டியாக வேண்டும். வடிந்தது. வடிந்த நீர் நேராக ஆறாம் மாடிக் கொடியில் காய்ந்த டோ மியாவின் பூப்போட்ட லுங்கியில் சொட்டியிருந்தது.

கதவு தட்டப்பட்டது. வாசலில் டோ மியா, கையில் லுங்கியோடு.

“மேல வெயில் அடிக்குது, எனக்கு மட்டும் மழை பெய்யுது. அதான் என்னான்னு பார்க்க வந்தேன்,” என்றாள்.

டோ மியா அந்தக் கட்டடத்தின் வாசலில் பர்மிய அத்தோக் கடை போட்டிருந்தாள். நூடுல்ஸோ பச்சை மாங்காயோ தேயிலையோ, எது வந்தாலும் வறுத்த பூண்டும் எள்ளும் தூவிக் கையால் பிசைந்து கொடுப்பாள். தமிழ் வாடிக்கைக்காரர்களிடம் கற்ற தமிழ் அவளுக்குத் தாராளமாக வரும். போன வருடம் ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து மாடி ஏறினால் மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்குவாள்.

“மன்னிச்சுக்குங்க டோ மியா. துவைச்சுத் தந்துடறேன்.”

“லுங்கி கிடக்கட்டும். என்னா சமைக்கிறே?”

“சமைக்கல. அடுக்கப் போறேன்.”

செல்பேசியில் பதினோரு தடவை பார்த்த வீடியோவை சஜிதா அவளுக்கும் காட்டினாள். மெக்சிகோ சாப்பாட்டின் சாயலில் ஒரு டிப். அடியில் மசித்த சிவப்பு அவரை விதை. அதன்மேல் வெண்ணெய்ப்பழம், கெட்டித் தயிர், தக்காளியும் பச்சை மிளகாயும், துருவிய சீஸ், வெங்காயத்தாள், உச்சியில் ஸைத்தூன் என்னும் கறுப்பு ஆலிவ் காய். ஏழு அடுக்கு. நன்றாகக் குளிரவைத்து, மொறுமொறுப்பான சோளச் சில்லால் அள்ளிச் சாப்பிட வேண்டும்.

இந்த டிப்பைக் கேட்டவர் ஃபக்ருன்னிசா. சொந்த அக்கா இல்லை. ஊர் முறைக்கு எல்லாருக்கும் லாத்தா. அமெரிக்காவில் தம்பி வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். “பக்கத்துல நின்னு பார்த்தா அடுக்கை எண்ணிடணும், சஜிதா. ஏழு. ஆறுன்னா அது வேற சாமான்,” என்று சொல்லியிருந்தார். விருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு. பிடித்துப்போனால், வாராவாரம் அவர் வீட்டில் கூடும் பெண்களுக்கு இனி சஜிதாவின் கைச் சாப்பாடுதான்.

பிடிக்காவிட்டால் லைங் தாயா. அங்கே தையல் தொழிற்சாலையில் இரண்டு வருடம் இருந்தவள் அவள். விடியுமுன் ஃபாக்டரி பஸ் ஏறி, இருட்டிய பின் இறங்கி, ஞாயிறு தவிர மகளைத் தூங்கும்போது மட்டுமே பார்த்த இரண்டு வருடம். கணவன் வாஜித் கப்பலில். மூன்று மாதம் முன்பு துணிந்து வேலையை விட்டாள். வந்த ஆர்டர்களை விரல் விட்டு எண்ணலாம். “திங்கட்கிழமை வரைக்கும் உன் மெஷினுக்கு ஆள் போடமாட்டேன்,” என்று சூப்பர்வைசர் இரக்கத்தோடு சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த இரக்கம்தான் சஜிதாவைத் தூங்கவிடவில்லை.

ஒன்பது மணிக்கு மின்சாரம் வந்தது. முறைப்படி ஒரு மணிவரை இருக்க வேண்டும். கடையில் முக்கோணச் சீஸ்தான் கிடைத்திருந்தது. விரலால் அழுத்தினால் குழைந்துவிடும். உறையவைத்துத் துருவலாம் என்று அதைக் குளிர்பதனப் பெட்டியின் ஐஸ் அறையில் வைத்தாள். நான்கு பக்கமும் கிளிப் போட்ட, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுக்க ஆரம்பித்தாள்.

சமீரா மேசையில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உம்மா, இதுல நாம எந்த மாடி?”

“ஏழாவது. ஸைத்தூன்.”

“அப்ப டோ மியா?”

“வெங்காயத்தாள்.”

“ஒரே சில்லுல எல்லா மாடியும் வருமா?”

“கையை எடு. சாயுது.”

பத்து மணிக்கு மின்சாரம் போனது. சீஸ் பாதி உறைந்திருந்தது. துருவினால் துருவல் வரவில்லை, களிம்பு வந்தது. அதைக் கத்தியால் தடவி, ‘அடுக்குத்தானே, தடவினாலும் அடுக்குத்தான்’ என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மதீனாவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்து, நல்ல நாளுக்கென்று வைத்திருந்த ஸைத்தூன் காய்கள் பன்னிரண்டையும் பிஸ்மி சொல்லி மேலே வைத்தாள். பக்கவாட்டில் குனிந்து எண்ணினாள். ஏழு. அழகாகவே இருந்தது.

இனி நான்கு மணிநேரம் குளிர வேண்டும். குளிர்பதனப் பெட்டியோ வெறும் அலமாரியாக நின்றது.

ஐஸ் கடை அய்யூபுக்குப் போன் செய்தாள். அவர் அரைப் பாளம் ஐஸைக் கோணிப்பையில் போட்டுக் கயிற்றில் மாட்டி மணியடித்தார். சஜிதா இழுத்தாள். நான்காம் மாடியில் ஆன்டெனாக் கம்பியில் பை சிக்கிக்கொண்டது. விட்டு இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள். கிளிப் வாயைத் திறந்தது. ஐஸ் கீழே டீக்கடையின் தகரக் கூரையில் இறங்கிய சத்தத்தில், டீ குடித்துக்கொண்டிருந்த எட்டுப் பேரும் மேசைக்கு அடியில் இருந்தார்கள்.

“யாருக்கும் அடியில்லையே?” என்று மேலிருந்து கத்தினாள்.

“டீதான் குளிர்ந்துடுச்சு!” என்று கீழிருந்து பதில் வந்தது.

டோ மியா கடையிலிருந்து அண்ணாந்து பார்த்தாள். “மா சஜிதா! ஐஸை ஏன் மேல ஏத்துறே? சாமானைக் கீழ இறக்கு. என் ஐஸ் பெட்டி பாதி காலிதான்.”

சஜிதாவுக்கு அந்த யோசனை வானத்திலிருந்து வந்தது போலிருந்தது. ஆனால் கரி அடுப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டது, சோளச் சில்லுகள் பாதி வெந்து மிதந்தன.

“புள்ளைகிட்டே கொடுத்தனுப்பு,” என்றாள் டோ மியா.

“சமீரா, ரெண்டு கையாலும் பிடி. ஒவ்வொரு படியா. ஓடாதே. சாய்க்காதே. யாரு கேட்டாலும் திறக்காதே.”

“சரிம்மா,” என்று சமீரா குழந்தையைத் தூக்குவது போல டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான்கரை மணிக்கு, சில்லுகளைக் கூடையில் நிரப்பிக்கொண்டு, ஏழு மாடி இறங்கி வந்தாள் சஜிதா. டாக்ஸி நின்றது. மேலே வராமல் கீழேயே இருந்துவிட்ட சமீரா டீக்கடை முக்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டைச் சாந்தை யாரோ அவள் முழங்காலில் அப்பியிருந்தார்கள். ‘விளையாட்டுக்கும் அளவில்லை’ என்று நினைத்துக்கொண்டாள் சஜிதா.

டோ மியா ஐஸ் பெட்டியைத் திறந்து, டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினாள்.

டப்பாவுக்குள் மாடியே இல்லை. பச்சையும் பழுப்பும் கலந்த ஒரே மைதானம். மேலே வறுத்த பூண்டும் எள்ளும்.

“டோ மியா… இது என்ன?”

“பிசைஞ்சாச்சு.”

“பிசைஞ்சாச்சா?”

“அடுக்கி வச்சே, பிசைய மறந்துட்டே. எந்த அத்தோவை யாரு இப்படித் தனித்தனியாத் தின்பா? உப்பு ஒரு பக்கம், புளிப்பு ஒரு பக்கம். நான் கையுறை போட்டுச் சுத்தமாப் பிசைஞ்சேன். கொஞ்சம் பூண்டும் சேர்த்தேன்.”

“உங்களை யாரு பிசையச் சொன்னா?”

“யாரு சொல்லணும்? கை சும்மா இருக்குமா?”

டீக்கடையில் சிரிப்பு வெடித்தது. “டோ மியாகிட்டே கல்யாணக் கேக் கொடுத்தாலும் பிசைஞ்சுதான் கொடுப்பா!” என்றார் ஒருவர். டோ மியாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சமீரா மட்டும் தலையை நிமிர்த்தவில்லை.

கோபம் வந்தால், நிற்பவர் உட்கார வேண்டும். அப்போதும் போகாவிட்டால் படுத்துக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் மதரஸாவில் படித்தது. சஜிதா அத்தோக் கடை முக்காலியில் உட்கார்ந்தாள். கோபம் போகவில்லை. நடைபாதையைப் பார்த்தாள். படுக்க இடமில்லை. ஆகவே இன்னொருமுறை எழுந்து, இன்னொருமுறை உட்கார்ந்தாள்.

எதிரே டோ மியாவின் முகம் தெரிந்தது. அறுபதை நெருங்கும் முகம். பகல் முழுக்க மற்றவர்களுக்குப் பிசைந்து சிவந்த கை. இந்தக் கைக்கு நல்லெண்ணத்தைத் தவிர என்ன தெரியும் என்று தோன்றியது. லைங் தாயா பஸ்ஸின் ஹாரன் காதில் கேட்டது. ஆனாலும் வாய் வேறு சொன்னது:

“நல்லதுக்குத்தானே செஞ்சீங்க, டோ மியா. ஐஸ் பெட்டி கொடுத்ததே பெரிசு.”

டோ மியா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு சட்டென்று திரும்பி, கழுவிய தட்டையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

ஃபக்ருன்னிசா வீட்டில் வரவேற்பறை நிறைய விருந்தாளிகள். லாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் பக்கத்தில் குனிந்தார்.

“ஒண்ணு,” என்றார். பொறுமையாகச் சுற்றி வந்து மறுபக்கமும் பார்த்தார். “மீதி ஆறு எங்கே?”

“உள்ளதான் இருக்கு, லாத்தா.”

“யாரு பண்ணின வேலை?”

சஜிதா ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெயர் நாக்கின் நுனியில்தான் இருந்தது.

“என் தப்புதான். அடுக்கு கலைஞ்சு போச்சு. உங்களுக்கு வேணாம்னா எடுத்துட்டுப் போறேன்.”

லாத்தா பதில் சொல்வதற்குள் அவருடைய சின்ன மருமகள் ஒரு சில்லை எடுத்து, அள்ளி, வாயில் போட்டுவிட்டாள். மென்றாள். இன்னொன்று எடுத்தாள். அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் எடுத்தார். கூடைக்கும் டப்பாவுக்கும் நடுவில் கைகள் மோதிக்கொண்டன. லாத்தாவும், ஒரு கடமையைச் செய்பவர் போல, ஒன்று எடுத்தார்.

“தம்பி வீட்ல ஆறு மாசம் இதைத் தின்னேன்,” என்றார் மெதுவாக. “எனக்கு எப்பவும் மேல் மூணு அடுக்குதான் கிடைக்கும். அடியில அவரை விதை இருந்ததே இன்னிக்குத்தான் தெரியுது.”

டப்பா துடைத்தது போலக் காலியானது. மருமகள் மூலையில் ஒட்டியிருந்ததையும் வழித்தாள்.

“அடுத்த சனிக்கிழமையும் கொண்டு வா. அதுக்கடுத்த சனிக்கிழமையும்தான். இதே மாதிரி,” என்றார் லாத்தா. “இது உன் கைப்பக்குவம் இல்லையே. யாரு பிசைஞ்சா?”

இப்போது சஜிதா பெயரைச் சொன்னாள்.

“அப்ப அந்தக் கையையும் கூட்டிட்டு வா.”

டாக்ஸியிலிருந்து இறங்கியதும் முதலில் அத்தோக் கடைக்குத்தான் ஓடினாள். டோ மியா கடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டு, “பார்த்தியா? பிசைஞ்சாத்தான் சாப்பாடு,” என்று மூக்கை நிமிர்த்திக்கொண்டாள். சஜிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தொழிற்சாலை சூப்பர்வைசருக்குப் படி ஏறும்போதே செய்தி அனுப்பினாள்: என் மெஷினுக்கு ஆள் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தியில் மஃரிப் தொழுது முஸல்லா விரிப்பை மடிக்கும்போது, சமீரா வந்து அவள் மடியில் முகம் புதைத்தாள்.

“உம்மா, பொய் சொன்னா அல்லாஹ்வுக்குப் பிடிக்காது. பேசாம இருந்தா?”

“என்ன விஷயம்?”

“டோ மியா பிசையல. அதாவது, பிசைஞ்சாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே…”

“முன்னாடியே?”

“மூணாவது மாடில நான் விழுந்துட்டேன். டப்பா ஆறு படி உருண்டுச்சு. மூடி திறக்கல, ஒண்ணும் கொட்டல. ஆனா உள்ள எல்லா மாடியும் இடிஞ்சு போச்சு. சத்தம் கேட்டு அவங்க மூச்சு வாங்க ஏறி வந்தாங்க. நான் அழுதேன். ‘உங்க உம்மா கேட்டா நான் பிசைஞ்சேன்னு சொல்றேன், அத்தோக்காரி சொன்னா எல்லாரும் நம்புவாங்க, நீ வாயைத் திறக்காதே’ன்னாங்க.”

சஜிதாவின் கையிலிருந்த முஸல்லா பாதி மடிப்பிலேயே நின்றது. டீக்கடைச் சிரிப்பு முழுதும் மறுபடி காதில் விழுந்தது.

“எதுக்கு உங்களுக்கு இந்தக் கெட்ட பேருன்னு நீ கேட்கலையா?”

“கேட்டேன். ‘நான் காய்ச்சல்ல கிடந்தப்ப, ஒரு மாசம் என் பால்கனிக்கு மேலேருந்து கஞ்சி இறங்குச்சு, யாருன்னு தெரியக்கூடாதுன்னு உங்க உம்மா மணியைக் கழட்டி வச்சிருந்தா, நானும் இன்னிவரைக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கலையே’ன்னாங்க.”