கிணற்றுக்குள் கால் வைக்கக் கூடாது

இயேசு மரி சூசை துணை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
யூலை, ஞாயிறு, பூசைக்குப் பின்.

அன்புள்ள மச்சாள் றோசுக்கு,

நான் சுகம். நீர் சுகமாயிருக்கிறீர் என்பது, கோயில் வாசலில் நின்று என்னைப் பற்றி நீர் கதைத்தது உள்ளே பீடத்தடி முன்வரிசை வாங்கு வரைக்கும் கேட்டதாம் என்பதிலிருந்து தெரிகிறது. ஆண்டவர் அந்தத் தொண்டையைக் காப்பாராக.

முதலில் ஒரு திருத்தம். நான் யப்பான் மலையில் ஆண்களோடு சேர்ந்து உடுப்பில்லாமல் குளித்தேன் என்று சொல்லியிருக்கிறீர். அங்கே ஆண்களுக்கு வேறு இடம், பெண்களுக்கு வேறு இடம், நடுவில் பலகைச் சுவர். அன்று மாலை என் உடம்பில் நெஞ்சிலிருந்து முழங்கால் வரை குறுக்குக்கட்டு இருந்தது. நீலப் பூப்போட்டது, போன நத்தாருக்கு நீர் தந்ததுதான், சாயம் போகிறது. நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். குளிக்கும்போதுகூட மோட்சத்திலிருந்து காவல் சம்மனசு பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். ஆனால் உமது கதை கிண்ணியாப் பாலத்தையும் தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டு பஸ்மியா கிண்ணியாவிலுள்ள தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டு வந்து, "அன்ரி, நீங்க அங்க ஒண்டும் உடுக்காமக் குளிச்சீங்களாமே, மெய்தானா?" என்று மதிலுக்கு மேலால் கேட்கிறாள்.

அதையும் பொறுப்பேன். பொறுக்க ஏலாதது, பெண்கள் சபைத் தலைவியாகிய நீர், "உடுப்பில்லாம நிண்டவ மாதாவுக்கு என்னெண்டு உடுப்புப் போடுறது?" என்று சொல்லி, வருகிற திருநாளுக்கு மாதா சுரூபத்துக்கு உடுப்பு மாற்றுகிற பொறுப்பை என்னிடமிருந்து எடுத்து ஜெசிந்தாவிடம் கொடுக்கப் போகிறீராம் என்பதுதான். ஜெசிந்தா! தன் மகள் முதல் நன்மை வாங்கிய பூசைக்கு முக்காட்டைக் கோணலாக ஊசி குத்தி, பிள்ளையை ஒற்றைக் கண்ணோடு பீடத்துக்கு அனுப்பியவள். நான் கதவைச் சாத்தி, பழைய உடுப்புக்கு மேலேயே புதியதைப் போர்த்தி, பிறகு பழையதை அடியால் உருவி எடுப்பேன். என் காலத்தில் மாதாவின் தோள்பட்டையைக்கூட ஒருவரும் கண்டதில்லை. இது உமக்குத் தெரியும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன மாசியில் மகன் மெல்ரோய், யப்பானில் பழைய வாகனங்கள் வாங்கி ஏற்றுமதி செய்கிறவன், என் முழங்கால் நோவுக்கு நல்லதென்று சொல்லி என்னை அழைப்பித்து, தானும் மருமகள் சுதர்ஷிகாவுமாக மலையிலுள்ள ஒரு வெந்நீர் விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போனான். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு உள்ள ஊரில் பிறந்தவளுக்கு, பனிக்குள்ளால் கூட்டிக்கொண்டு போய் வெந்நீர் காட்டுகிறார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒரு செருப்பு. அறை வாசலில் அதையும் கழற்ற வேண்டும். மலசலகூடத்துக்கு இன்னொரு செருப்பு. இத்தனை செருப்பு வைத்திருக்கிற சனத்திடம் ஒரு கதிரை இல்லை. நிலத்தில் இருந்து, நிலத்தில் சாப்பிட்டு, நிலத்திலேயே படுக்க வேண்டும். இதற்குத்தான் நான் முழங்காலைக் காவிக்கொண்டு போனேன். வேலைக்காரப் பெண்கள் பெரிய வியாழனன்று நற்கருணைக்கு முன்னால் நடக்கிறதுபோல நடக்கிறார்கள். ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் இல்லை, குசினி இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. சாப்பாடு சின்னச் சின்னக் கோப்பைகளில், பிள்ளைகள் மண்சோறு ஆக்கி விளையாடுகிற அளவில். ஒன்றில் பச்சை மீன். துறைமுகத்துக்காரிக்கு மீனைச் சமைக்காமல் வைக்கிறார்கள். நெருப்புக்குப் பஞ்சமென்றாலும் சரி, மலைக்குள்ளேயே தண்ணீர் கொதிக்கிறதே. "அந்தத் தண்ணியிலயாவது ஒருக்கா முக்கி எடுத்திருக்கலாம்" என்றேன். "அம்மா, மெல்லமாக் கதையுங்கோ, எல்லாரும் பாக்கினம்" என்றான் மெல்ரோய். பார்க்கட்டும். பார்க்க வேறு என்ன இருந்தது அங்கே?

பிறகு குளிப்பு. வாசலில் சுதர்ஷிகா என் காதுக்குள் சொன்னாள்: "மாமி, உள்ளுக்க உடுப்போட போக ஏலாது."

"பின்ன என்னத்தோட போறது?"

"ஒண்டோடையும் இல்லை, மாமி."

அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அவள் வெளியே போக, நான் குறுக்குக்கட்டோடு உள்ளே போனேன். கூரையில்லாத இடம், சுற்றிலும் பனி, நடுவில் நிலத்தைத் தோண்டிக் கல் கட்டிய ஒரு கிடங்கில் ஆவி பறக்கிற தண்ணீர். ஓரத்தில் ஒரு மரவாளி. வாளியைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. கன்னியாவில் ஒருவரும் கிணற்றுக்குள் காலை வைப்பதில்லை; விளிம்பில் நின்று அள்ளித் தலையில் வார்ப்பதுதான் முறை. உமது கலியாணத்துக்கு முன் உம்மை அங்கே கூட்டிக்கொண்டு போய் அள்ளி வார்த்தவளே நான்தானே, நீர் மறந்திருக்கலாம். அப்படியே விளிம்பில் நின்று, சவர்க்காரமும் போட்டு, முறையாக முழுகிக்கொண்டிருந்தேன். அப்போது என் வயதிருக்கும் ஒரு மனுசி, உடம்பில் ஒரு நூலில்லை, ஒரு சின்னத் துவாயை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, நேரே தண்ணீருக்குள் காலை வைத்தா.

"ஏய், ஏய்! கிணத்துக்குள்ள காலை வைக்காதேங்கோ! ஆக்கள் அள்ளிக் குளிக்கிற தண்ணியெல்லோ!" என்றேன்.

அவ திடுக்கிட்டுக் காலை எடுத்து, என்னைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டா. பின்னால் வந்த பெண்களும் அப்படியே நின்றார்கள். பாவம், பழக்கித் தர ஒருவரில்லை என்று நினைத்து, ஒரு வாளி அள்ளி அந்த மனுசியின் தலையில் வார்த்தேன். தலையில் இருந்த துவாயும் நனைந்தது. மற்றவர்கள் பனிக்குள் நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒழுங்கான சனம், அதை மட்டும் ஒப்புக்கொள்ளுகிறேன். நமது கோயிலில் திருநாள் சோற்றுக்குக்கூட அப்படி ஒரு வரிசையை நான் கண்டதில்லை. மூன்றாவது ஆளுக்கு வார்க்கும்போதுதான் சுதர்ஷிகா ஓடி வந்தாள்.

"ஐயோ மாமி! அது கிணறில்லை, எல்லாரும் இறங்கி இருக்கிற தொட்டி! வெளியில கழுவிப்போட்டுத்தான் உள்ளுக்க இறங்கிறது!"

"அப்ப வாளி என்னத்துக்கு?"

"கழுவத்தான், மாமி!"

விடுதிக்காரப் பெண் அறைக்கு வந்து, முழங்காலில் இருந்து, தரையில் நெற்றி முட்ட மன்னிப்புக் கேட்டா, எனக்கு முன்கூட்டியே விளங்கப்படுத்தாததற்காக. நான் பெருந்தன்மையாக மன்னித்தேன். பிழைவிட்ட இடத்தில் அப்படித்தான் மன்னிப்புக் கேட்பது. நீர் நெற்றியைத் தரையில் முட்ட வேண்டாம், உமக்குப் பிறகு எழும்ப ஏலாது.

சுதர்ஷிகா இதைத் தன் தாய்க்குச் சொல்ல, தாய் உமக்குச் சொல்ல, நீர் என் குறுக்குக்கட்டை அவிழ்த்துவிட்டீர். யப்பான்காரர் செய்யாததை என் சொந்த மச்சாள் செய்தா. என் புருசன், உமது தமையன் டொமினிக் உயிரோடு இருந்திருந்தால் ஒரு பார்வையில் உமது வாயை அடைத்திருப்பார். அவர் இல்லாதபடியால் நான் தபாலுக்குச் செலவழிக்கிறேன்.

உமக்கும் பிள்ளைகளுக்கும் மாதா தன் போர்வை நிழலைத் தருவாவாக. அந்தப் போர்வையைச் சரியாகக் குத்தத் தெரிந்த,

திருமதி செலஸ்ரீன் டொமினிக்

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் முதல் நாள் மாலை நடந்தது. அடுத்த நாள் விடியற்காலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பொய் சொல்லக் கூடாதென்றுதான் சிஸ்டர்மார் படிப்பித்தார்கள். கேட்காததைச் சொல்லும்படி படிப்பிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். முழங்கால் நோவில் நித்திரையின்றி எழும்பிப் போனேன். முந்தின நாள் நான் முதலில் தலைக்கு வார்த்த அந்த மனுசி மட்டும் தண்ணீருக்குள் இருந்தா. என்னைக் கண்டதும் ஒரு பக்கம் ஒதுங்கி இடம் விட்டா. அந்தத் தண்ணீர் பால்போல வெள்ளை, கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஆகவே உடுப்பில்லை என்பது முழு உண்மையுமல்ல. தோள்வரை தண்ணீர் போர்த்திய பிறகுதான் குறுக்குக்கட்டை அடியால் உருவினேன், மாதாவுக்குச் செய்வதுபோலவே. அவ என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. உம்மோடு இத்தனை வருடம் கதைத்ததிலும் பார்க்க அது சுகமாயிருந்தது. நாங்கள் திரும்பும்வரை ஒவ்வொரு விடியலும் போனேன். அந்தக் கிழமை முழுக்கக் கைப்பிடியைப் பிடிக்காமல் படி ஏறினேன்.

வருகிற தை மாதம் மெல்ரோய் மறுபடியும் கூப்பிடுகிறான். துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிவரச் சொல்லுகிறான். உமது முழங்கால் என்னுடையதைவிட மோசம் என்பது நீர் நன்மை வாங்க வரும்போது தெரிகிறது. குறுக்குக்கட்டு கொண்டுவரத் தேவையில்லை. ஆனால் மாதாவின் உடுப்பை ஜெசிந்தா தொட்டால் நான் உம்மைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன். உடுப்பு மாற்றுவது நானா இல்லையா, நீர் வருகிறீரா இல்லையா, இரண்டுக்கும் எழுத்தில் பதில் அனுப்பும்.